வெறும் 17 பேர்!

1963-ம் ஆண்டு இலங்கையில் மலேரியா வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நாடு முழுக்கத் தேடியும் சிக்கியவர்கள் வெறும் 17 பேர்! அதிலும் பலர், வேறு நாட்டில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு வந்தவர்கள்!

இந்த 17-ன் அருமை புரிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1934-ல் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் நின்று, மணலில் சின்னச் சின்னக் குட்டைகளாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவுக்கு, வெயில் படுகிற தெளிந்த குட்டைதான் பிரசவ ஆஸ்பத்திரி! காய்ச்சல், அதுவரை மலேரியாவை அதிகம் பார்த்திராத கேகாலை போன்ற மழைப் பகுதிகளில் புகுந்தது. அங்கே மக்கள் உடம்பில் எதிர்ப்பு சக்தியும் இல்லை. சில மாதங்களுக்குள் இறந்தவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு டி.டி.டி. வந்தது. ரத்தம் குடித்த கொசு, செரிக்கும்வரை சுவரில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும். அந்தச் சுவரிலேயே மருந்தை அடித்தார்கள். கூடவே இன்னொரு வேலையும் நடந்தது. காய்ச்சல் என்று யார் படுத்தாலும் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. கிருமி தெரிந்தால் மாத்திரை. பக்கத்து வீடுகளிலும் சோதனை. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால், 17-க்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு இதற்கும் உண்டு!

சரி, அப்புறம் என்ன ஆச்சு? 'அதான் ஒழிஞ்சுபோச்சே!' என்ற நிம்மதி வந்தது. 1964-ல் மருந்தடிப்பது நின்றது. ரத்தம் எடுப்பதிலும் சுணக்கம். அந்த நேரம் பார்த்து, எலஹெர பக்கம் ரத்தினக்கல் தேடிப் பல ஊர் ஜனங்கள் குவிந்தார்கள். தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது. வந்தவர்களில் சிலர் உடம்பில் கிருமி இருந்தது. ஊர் திரும்பியபோது கல் கிடைத்ததோ இல்லையோ, பலர் காய்ச்சலைக் கொண்டுபோனார்கள்! 1969-ல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள்.

'டி.டி.டி-யைத் தடை செய்ததால்தான் இந்த வினை' என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது கதை. அங்கே யாரும் தடை போடவில்லை. நோய் குறைந்ததால் நிறுத்தினார்கள். மறுபடி அடித்தபோது, கொசு அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டிருந்தது. 1970-களில் மாலத்தியானுக்கு மாற வேண்டியதாயிற்று.

பூச்சியத்தைத் தொட அப்புறம் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1999-ல்கூட இரண்டரை லட்சம் பேருக்கு மேல் காய்ச்சல். நடுவே போர் வேறு. அந்த நிலையிலும் கொசுவலைகள் போயின. ஆஸ்பத்திரி இல்லாத இடங்களுக்கு, ரத்தம் பார்க்கும் வண்டிகள் போயின. 2012 அக்டோபருக்குப் பிறகு, உள்நாட்டுக் கொசு கடித்து மலேரியா வந்தவர் யாரும் இல்லை என்ற நிலை! 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

ஆனால், இந்தமுறை கடையைக் கட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கிணறுகளிலும் புழு தேடினார்கள். பலன்? சான்றிதழ் வந்த அதே 2016-ல் மன்னார் தீவில் ஒரு புது விருந்தாளி சிக்கியது... அனாபிலஸ் ஸ்டீபன்சி! சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் குடித்தனம் நடத்தும் அதே கொசு. அதுவரை இலங்கையில் யாரும் பார்த்திராதது.

'மலேரியாதான் போயிடுச்சே, கிணத்துல எட்டிப் பார்த்து என்ன ஆகப்போவுது?' என்று அந்த ஊழியர்கள் இருந்திருந்தால், இன்னொரு 1964 ஆகியிருக்கும்!