குண்டு வந்த திசைக்குப் படிக்கப் போனவர்கள்

திருகோணமலையில் 'யப்பான்' எண்டு சொன்னால் வயது போன ஆக்களுக்கு முதலில் நினைவு வருவது குண்டுதான். 1942 ஏப்ரல் 9 காலை, நகுமோ தலைமையில் வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. நாலு மாதத்துக்கு முதல் பேர்ள் துறைமுகத்தை அடித்த அணியில் இருந்த அதே கப்பல்கள். அன்று தீப்பிடித்த 'சகாயிங்' என்ற கப்பல் பல பத்தாண்டுகள் துறைமுகத்துக்குள்ளேயே தாழ்ந்து கிடந்தது. 2018இல்தான் கடற்படைச் சுழியோடிகள் அதை மேலே கொண்டுவந்தார்கள். எங்கட வயதுக்காரருக்கோ யப்பான் எண்டால் சீனக்குடாவில் இருக்கிற டோக்கியோ சீமெந்து.

குண்டுக்கும் சீமெந்துக்கும் நடுவில் இன்னொரு யப்பான் இருக்கிறது. அதைத் தேடிப் போனவர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர்.

அருணாசலம் சண்முகதாஸ் 1940இல் திருகோணமலையில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது அவருக்கு இரண்டு வயது. பேராதனையிலும் எடின்பரோவிலும் படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அவரும் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் டோக்கியோவின் கக்சுயின் பல்கலைக்கழகத்துக்குப் போய், சுசுமு ஓனோவுடன் சேர்ந்து ஆய்வு செய்தார்கள். ஓனோ சாதாரண ஆள் இல்லை. பழைய ஜப்பானிய மொழிக்கு அகராதி தொகுத்தவர். அறுபது வயதை நெருங்கும்போது தமிழைப் பிடித்துக்கொண்டு, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று கிளம்பினார்.

சொற்களோடு அவர் நிற்கவில்லை. ஜனவரி 15ஐ ஒட்டி ஜப்பானில் 'கோசோகட்சு' என்ற சின்னப் புத்தாண்டு வரும். அன்று சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். வடக்கு ஜப்பானில் சில இடங்களில் அந்த நாளில் 'ஹொங்கா ஹொங்கா' என்று கூவும் வழக்கம் இருந்ததாம். ஓனோவுக்கு அது 'பொங்கலோ பொங்கல்' என்று கேட்டது! நெல், நெசவு, தாழியில் பிணத்தை வைத்துப் புதைப்பது எல்லாம் தென்னிந்தியாவிலிருந்து போயிருக்கும் என்று அடுக்கினார்.

மனோன்மணி அம்மாவின் வேலை இலக்கியப் பக்கம். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோசுவில் ஏறக்குறைய 4,500 பாடல்கள் இருக்கின்றன. அவற்றின் காதல் பாடல்களைச் சங்க அகப்பாடல்களோடு வைத்துப் பார்த்தார். எங்களைக் கேட்டால், அந்த முழு முயற்சியிலும் நின்று நிலைக்கிற பகுதி இதுதான். மன்யோசுவில் கியூசூ கடற்கரைக்குக் காவலுக்கு அனுப்பப்பட்ட சாதாரணப் படையாட்களின் பாடல்கள் உண்டு. வீட்டில் விட்டு வந்த மனைவியையும் தாய் தகப்பனையும் நினைத்துப் புலம்புவார்கள். பாசறையில் இருக்கிற முல்லைத்திணைத் தலைவனை அறிந்த ஒரு ஆளுக்கு அந்தப் பாட்டை விளங்க அகராதி தேவையில்லை. இரண்டு மொழியும் ஒரே தாய் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஓனோவின் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஜப்பானுக்குள்ளேயே கடும் எதிர்ப்பு. தூரத்து மொழிகள் இரண்டை எடுத்தாலும் ஒலி ஒத்த சொற்கள் கொஞ்சம் அகப்படத்தான் செய்யும். ஒலி மாற்றம் ஒரு ஒழுங்கில் நடந்திருக்கிறது என்று காட்டினால்தான் உறவு நிற்கும். பிற்காலத்தில் ஓனோவே நேரடி இரத்த உறவை விட்டு, கலப்பு மொழி என்ற பக்கம் நகர்ந்தார். ஆனால் எங்கட முகநூலில் 'ஜப்பான் மொழி தமிழிலிருந்து வந்தது' என்ற பதிவு இன்னமும் ஓடுது. அதைப் பகிர்கிற எத்தனை பேர் ஒரு மன்யோசுப் பாடலையாவது வாசித்திருப்பார்கள்?

ஒரு சமூகத்தைப் படிக்கப் போகிறவர் என்ன நோக்கத்தோடு போகிறார் என்பது பெரிய விசயம். 1942இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயக் கல்லூரி இளைஞர்களுக்கு அவசர அவசரமாக ஜப்பானிய மொழி படிப்பித்தது, எதிரியின் செய்தியை ஒட்டுக்கேட்க. அமெரிக்கரான ரூத் பெனடிக்ட் ஜப்பான் மண்ணை மிதிக்காமலே, போர்த் தேவைக்காகத் தொடங்கிய ஆய்விலிருந்து 1946இல் அந்தச் சமூகத்தைப் பற்றிப் பேர்பெற்ற புத்தகம் எழுதினார். நாங்கள் போனது சொந்தம் தேட. அதில் பகை இல்லை, நல்லதுதான். ஆனாலும் தேடியது அவர்களை அல்ல, எங்களைத்தான்.

எதிர்த்திசையில் வந்த நொபொரு கராசிமாவைப் பாருங்கள். 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டுப் படித்தார். தமிழன் எனக்குச் சொந்தமா என்று அவர் கேட்கவில்லை. சோழர் காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது என்று கேட்டார். 2015இல் இறக்கும்வரை அந்தக் கேள்வியின் பின்னாலேயே போனார். அவர் எழுதியதை விட்டுவிட்டு இன்று சோழர் வரலாறு பேச ஏலாது.

இப்ப ஒரு திருகோணமலைப் பிள்ளைக்கு வழி இருக்கிறதா? ஜப்பான் அரசு, மொழியும் பண்பாடும் படிப்பதற்கென்றே ஒரு வருடப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. ஆனால் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியோ பண்பாடோ படித்துக்கொண்டிருக்கிற மாணவர்களுக்குத்தான் அது. இலங்கையில் அதற்கு முதலில் நினைவு வருவது களனி. அதாவது டோக்கியோவுக்கு முதல் களனிக்குப் போக வேண்டும். எங்கட பிள்ளைகளுக்கு அது சின்னப் பயணம் இல்லை.

போகிறவருக்கு ஒரு வேலையும் காத்திருக்கிறது. ஜப்பானின் பாதுகாப்பு அமைப்பு தங்கட போர் வரலாற்றை 102 தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. அதில் 26ஆவது தொகுதி வங்காள விரிகுடாக் கடற்படை நடவடிக்கைகளைச் சொல்கிறது. 2018இல் ஆங்கிலத்திலும் வந்தது. அந்தக் காலை மேலேயிருந்து எங்கட துறைமுகம் எப்படித் தெரிந்தது என்பதை அவர்கட மொழியிலேயே வாசித்து, தமிழில் எழுத ஒரு ஆள் வேணும்.