தேறல்

தேறு என்றால் தெளி. கலங்கிய நீரில் வண்டல் அடியில் தங்க, மேலே நிற்கும் தெளிவுதான் தேறல். நோயாளி தேறினார் என்பதிலும், கலங்கல் நீரைத் தெளிவிக்க உரைக்கும் தேற்றாங்கொட்டையிலும் இதே வேர்தான். சங்கப் பாடல்களில் தேறல் என்பது கசடு நீங்கிய கள். அதை மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்தார்கள். மண்ணில் புதைத்தும் விளையவிட்டார்கள். காலம்தான் அதன் சுவையை ஆக்கியது. அரிசியில் வடித்ததற்குத் தோப்பி என்று தனிப்பெயரே இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் அது வருகிறது.

ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் அரிசியில் காய்ச்சும் அவாமோரியையும் மண்சாடிகளில் ஆண்டுக்கணக்கில் முதிரவிடுகிறார்கள். மூன்று ஆண்டு நிறைந்தால்தான் 'பழையது' என்ற பெயர். அது வாலையில் வடிப்பது, நம் தேறல் புளிக்கவைத்தது. செய்முறை வேறு, பொறுமை ஒன்றே.

சங்கப் பாடல்களின் மதுவுக்கே திரும்புவோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, சங்ககால வள்ளல் வல்வில் ஓரியின் மலை. புறநானூறு 152-இல் வன்பரணர், வேட்டையாடிய மான்கறியோடு ஓரி தந்த மதுவைப் பாடுகிறார். அந்தப் பாட்டில் அதன் பெயர் வேரி. நிறமோ உருக்கிய பசுநெய்யின் நிறம். மதுவின் நிறத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன உவமை எனக்குத் தெரிந்து வேறில்லை.

தேறல் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் அதே பொருளில் பிறந்த தெளுவு கொங்கு நாட்டில் இன்றும் உண்டு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும், புளிக்காத பதநீருக்கு இங்கே அதுதான் பெயர்.