மலிவுக் கைத்துப்பாக்கியும் வர்க்க நலனும்: ஐக்கிய அமெரிக்க வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி பற்றிய விவாதம் 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தையே பெரும்பாலும் மையமாகக் கொள்கின்றது. உரிமை என்னும் அருவக் கருத்தின் பின்னே விலை என்னும் பொருளியற் காரணி மறைந்துவிடுகின்றது. முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்க முனையும் ஒரு தொழிலாளி எதனைத் தெரிவு செய்வான் என்பதை அவனது விருப்பிலும் பார்க்கச் சந்தையும் சட்டமுமே தீர்மானித்து வந்துள்ளன.

சாமுவேல் கோல்ட் 1836இல் பெற்ற சுழல்துப்பாக்கிக் காப்புரிமை 1857இல் முடிவுற்றது. தோட்டாவைப் பின்புறமாக இடும் உருளைக்கு ‘சிமித் அன்ட் வெசன்’ கொண்டிருந்த முற்றுரிமை 1869இல் நீங்கியது. அதன்பின் சிறு தொழிற்சாலைகள் பல மலிவான சுழல்துப்பாக்கிகளைச் சந்தையில் நிறைத்தன. 1901இல் ஜனாதிபதி மக்கின்லியைச் சுட்ட சொல்கோஷ், கம்பித் தொழிற்சாலையில் உழைத்தவன். அவன் கையிலிருந்தது நாலரை டொலர்த் துப்பாக்கி.

மலிவு ஆளும் வர்க்கத்தை அதற்கு முன்னரே அச்சுறுத்தியிருந்தது. டெனசி மாநிலம் 1879இல் தரைப்படை, கடற்படை வகைக் கைத்துப்பாக்கிகள் தவிர்ந்த ஏனையவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. 1881இல் ஆர்க்கன்சோ அதனைப் பின்பற்றியது. மறைத்துச் செல்லத்தக்க சிறு கருவிகளைத் தடுத்தலே வெளிப்படையாகக் கூறப்பட்ட நியாயம். ஆனால் எஞ்சியவை விலையுயர்ந்தவை. 1865இல் அப்பொமாற்றொக்சிலே சரணடைந்த தென்னகப் படை அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கிகளை வைத்திருக்க அனுமதிக்கப்பட்டமையை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர்கள் புதிதாக எதனையும் வாங்க வேண்டியதில்லை. விடுதலை பெற்ற கறுப்பினக் குத்தகை விவசாயியோ வாங்கவே இயலாதவன். இனத்தின் பெயரைச் சட்டம் உச்சரிக்கவில்லை. விலையே அவ்வேலையைச் செய்தது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் பழைய படைக்கலன்கள் தபால்வழி வணிகத்துக்கு வந்தன. 1963இல் ஒஸ்வால்ட் கைதானபோது அவனிடமிருந்த சுழல்துப்பாக்கி, பிரித்தானியப் படைகளுக்கென முன்னர் ஆக்கப்பட்டது, அவன் 29.95 டொலருக்குத் தபாலில் பெற்றது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான அத்தகைய தபால் விற்பனையை நிறுத்தியதுடன், ‘விளையாட்டுத் தேவைக்கு’ ஒவ்வாத துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. அதே தரமுடையவற்றை உள்நாட்டில் ஆக்குவதற்கோ தடையிருக்கவில்லை. கறுப்பினத்தவரைக் கட்டுப்படுத்தவே அச்சட்டம் இயற்றப்பட்டதென ரொபேட் ஷெரில் 1973இல் வாதிட்டார். உள்நாட்டு முதலாளி அடைந்த நலனையும் அதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

1980களில் பொலிஸ் திணைக்களங்கள் ஆறு தோட்டாச் சுழல்துப்பாக்கியைக் கைவிட்டுத் தன்னியக்கத் துப்பாக்கிக்கு மாறின. கழிக்கப்பட்டவை வணிகர் கைக்குச் சென்றன. பரிமாற்றப் பெறுமதிக்கும் பயன் பெறுமதிக்குமுள்ள முரண்பாட்டிற்கு இதனிலும் தெளிவான சான்று அரிது. நெடுங்காலம் உறையில் உரசியமையால் உருக்கின் நீலப்பூச்சு தேய்ந்திருக்கும். ஆயினும் பயிற்சிக் களத்துக்கு அப்பால் அவற்றுட் பெரும்பாலானவை சுடப்பட்டதில்லையாதலால் உட்பொறி தேயாதிருக்கும். தோற்றம் விலையைக் குறைத்தது. அக்குறைந்த விலையினாலேயே, முதற் துப்பாக்கி தேடிய எளியவனுக்கு அரசின் பழைய ஆயுதம் எட்டியது.

1998இல் நியூ ஓர்லியன்ஸ் நகராட்சி துப்பாக்கி உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுத்தது. அக்காலத்திலேயே தன் பொலிசாரின் பழைய துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்தவற்றையும் கொடுத்துப் புதியன பெற்றிருந்தது அந்நகராட்சி. கொடுத்தவை மீண்டும் விற்பனைக்குச் சென்றன.