வலை இருந்தும் படுக்காதவர்கள்: தேசிய மலேரியாத் திட்டங்களில் நடத்தை மாற்றப் பணி வளர்ந்த விதம்

1943இல் பர்மா எல்லையில் போரிட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையில், காயம்பட்டுக் களத்திலிருந்து அகற்றப்பட்ட ஒருவருக்கு நோயால் அகற்றப்பட்டவர் 120 பேர் என்று தளபதி வில்லியம் ஸ்லிம் தம் போர் நினைவு நூலில் எழுதுகிறார். அந்த நோய்களில் பெரியது மலேரியா. தடுப்புக்கு மெபாக்ரின் மாத்திரை இருந்தது. சிப்பாய்கள்தான் ஒழுங்காக விழுங்கவில்லை. தோல் மஞ்சளாகிறது, ஆண்மை போய்விடும் என்றெல்லாம் நேச நாட்டுப் படைகள் முழுவதும் பேச்சு இருந்தது. ஸ்லிம் முன்னறிவிப்பில்லாமல் ஒரு பிரிவின் ஆட்கள் அனைவரையும் சோதிக்கச் செய்தார். மாத்திரை எடுத்தவர்கள் 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அப்பிரிவின் கட்டளை அதிகாரிக்கு வேலை போயிற்று. மூவரை நீக்கியதோடு மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்லிம் தண்டித்தது மாத்திரை விழுங்காத சிப்பாயை அல்ல என்பது. விழுங்க வைக்கும் பொறுப்பில் இருந்தவரைத்தான் தண்டித்தார். அதே 1943இல் அமெரிக்க ராணுவம் வேறு வழியில் போனது. டாக்டர் சூஸ் என்ற பெயரில் குழந்தைகளுக்கு எழுதிப் பின்னாளில் புகழ்பெற்ற தியோடோர் கைசல், அனோஃபிலிஸ் கொசுவை ‘ஆன்’ என்ற பெண்ணாக உருவகித்துச் சிப்பாய்களுக்கான வெளியீடு ஒன்றைத் தயாரித்தார். வால்ட் டிஸ்னி நிறுவனமும் ஏழு குள்ளர்களைக் கொசு ஒழிப்பில் இறக்கி ஒரு குறும்படம் எடுத்தது. படத்தின் பேச்சு மக்களை நோக்கியது: உனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள். போருக்குப் பின் உருவான தேசிய மலேரியாத் திட்டங்கள் இரண்டாவது வழியையே எடுத்துக்கொண்டன. ஸ்லிமின் வழியில் இருந்த கேள்வி, அதாவது பொறுப்பு யாருடையது என்ற கேள்வி, மீண்டும் எழ ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. நடத்தை மாற்ற வல்லுநர் என்ற பணி வளர்ந்த வரலாறு என் வாசிப்பில் அந்தக் கேள்வி திரும்பி வந்த வரலாறுதான்.

கதவைத் திறந்தால் போதும்

மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த 1930களில் அங்கே மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய காலம் அது. பட்டுக்கோட்டையை அடுத்த காசாங்காடு கிராமத்தில் அவரது குழு வீடுகளுக்குள் பைரெத்ரம் மருந்தடித்து, வளர்ந்த கொசுக்களைக் கொல்வதன் மூலம் மலேரியாவைக் குறைக்க முடியுமா என்று சோதித்தது. முடிந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி வந்தபின் உலகமே பின்பற்றிய முறைக்கு இந்தச் சோதனையும் ஒரு முன்னோடி. அந்த முறையில் வீட்டுக்காரரிடம் எதிர்பார்க்கப்பட்டது மிகக் கொஞ்சம். கதவைத் திறக்க வேண்டும், சாமான்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும், மருந்து காயும்வரை காத்திருக்க வேண்டும்.

1955 மே மாதம் மெக்ஸிகோ நகரில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, மலேரியாவை உலகிலிருந்தே ஒழிக்க முடிவெடுத்தது. ரஸ்ஸல் எழுதி அதே ஆண்டு வெளிவந்த நூலின் தலைப்பு, மலேரியாவை மனிதன் வென்று ஆள்வதைப் பற்றியது. அன்றிருந்த நம்பிக்கை அப்படி. திட்டத்தின் கட்டங்களுக்கு ஆயத்தம், தாக்குதல், நிலைப்படுத்தல், பராமரிப்பு என்று போர்மொழியில் பெயரிட்டார்கள். சுகாதாரக் கல்வி என்று ஒரு பிரிவு பல நாடுகளில் இருந்தது. ஆனால் அதன் வேலை, மருந்தடிக்க வருவோரை வீட்டுக்குள் விட மக்களை இணங்க வைப்பதோடு நின்றது.

மக்கள் இணங்காததற்குக் காரணங்கள் இருந்தன. டி.டி.டி. அடித்த வீடுகளில் மூட்டைப்பூச்சி சாகாமல் இன்னும் அதிகமாய் அலைந்தது. அதற்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டிருந்தது. கொசு குறைந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது, மூட்டை கடிப்பதை இரவெல்லாம் உணரலாம். பண்டிகைக்கு முன் சுவரைச் சாணமிட்டு மெழுகுவதும் சுண்ணாம்படிப்பதும் இந்திய வீடுகளின் வழக்கம். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளந்து தெளித்த மருந்து அந்தப் பூச்சுக்கு அடியில் போய்விடும். திட்ட அறிக்கைகள் இவற்றை ‘ஒத்துழைப்பின்மை’ என்ற ஒரே தலைப்பில் அடக்கின. மருந்தடிப்பு அட்டவணையைப் பண்டிகைக்குப் பின்னால் தள்ளி வைப்பது அட்டவணை போடுபவரின் கையில் இருந்த வேலை என்பது அந்தத் தலைப்புக்குள் மறைந்துபோனது.

இந்தியாவில் 1947ஐ ஒட்டி ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாக மதிப்பீடு. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் ஒழிப்புத் திட்டம். 1960களின் நடுவில் எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சத்துக்கு இறங்கியது. 1976இல் மீண்டும் 64 லட்சத்தைத் தாண்டியது. இந்த மீளெழுச்சிக்குக் கொசுவின் எதிர்ப்புத்திறனும் மருந்துத் தட்டுப்பாடும் கிராமங்களில் சுகாதார அமைப்பு வேரூன்றாததும் காரணங்கள். கதவைத் திறக்காத வீடுகள் அந்தப் பட்டியலில் வெகு கீழே. 1977இல் வந்த திருத்திய திட்டம் ஊர்க்காரர்களிடமே காய்ச்சல் மாத்திரைகளைக் கொடுத்து வைத்தது. அந்த நிர்வாகச் சீர்திருத்தம் நடத்தை பற்றிய ஒரு சிந்தனையும்கூட: காய்ச்சல்காரர் மாத்திரையைத் தேடி வரவில்லையென்றால், மாத்திரை அவர் தெருவுக்குப் போக வேண்டும்.

பாகமோயோவின் வலிப்பு

உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து 1975இல் தொடங்கிய வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டம், மருந்தோடும் பூச்சியியலோடும் சமூக, பொருளாதார ஆய்வையும் தன் வேலையாக ஏற்றது. மலேரியாக் களத்துக்கு மானிடவியலாளர்கள் வருவதற்கு இது வழிவிட்டது. கரோல் மெக்கார்மக் 1980களில் காம்பியாவில் கண்டது, மக்கள் முன்பே கொசுவலை கட்டிப் படுத்தார்கள் என்பதும், அதைக் கொசுவுக்காக மட்டும் கட்டவில்லை என்பதும்தான். ஒரே அறையில் பலர் உறங்கும் வீட்டில் வலை ஒரு மறைப்பு. அதனால் கனத்த துணியையே விரும்பினார்கள். வலை என்ன துணியில் இருக்க வேண்டும் என்பதை ஆய்வகம் தனியாக முடிவு செய்ய முடியாது என்பது அப்போது தெரிந்தது.

இந்த வகை ஆய்வின் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது தான்சானியாவின் பாகமோயோ மாவட்டத்தில். 1990களில் பீட்டர் விஞ்ச்சும் தான்சானிய ஆய்வாளர்களும் அங்கே காய்ச்சல் நோய்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் அதை ‘டெகெடெகெ’ என்றார்கள். அது மலேரியா அல்ல, ஆவியின் செயலால் வரும் வேறு நோய், நாட்டு வைத்தியரிடம் போக வேண்டியது, அந்த நிலையில் ஊசி போட்டால் குழந்தை இறந்துவிடும் என்பது பலருடைய உறுதி. மருத்துவமனைக்குப் பிள்ளைகள் பிந்தி வந்து இறந்தார்கள். இறப்பு அந்த அச்சத்தை மேலும் உறுதி செய்தது. ‘மலேரியா வந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்’ என்ற சுவரொட்டி இந்தத் தாய்மார்களுக்கு எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் பார்வையில் குழந்தைக்கு வந்திருப்பது மலேரியாவே இல்லை. அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். கொசுத் தொல்லை மிகுந்த மழைக்காலத்தில்தான் மலேரியா வரும் என்று மக்கள் எண்ணினார்கள், கொசு குறைந்த மாதங்களில் வலையை மடித்து வைத்தார்கள். பரவல் அப்போதும் நிற்பதில்லை.

இங்கேதான் வல்லுநரின் தொழில் உருவெடுக்கிறது. செய்தியை எழுதுவதற்கு முன் கேட்பது, எழுதியதைச் சிலரிடம் காட்டிப் பார்ப்பது, நாட்டு வைத்தியரை எதிரியாக்காமல் பரிந்துரைச் சங்கிலியில் சேர்ப்பது. சுகாதாரக் கல்வி அலுவலருக்கு இவை பாடத்திட்டத்தில் இல்லை.

விலைச் சீட்டு

காம்பியாவில் பெத்ரோ அலோன்சோவும் சகாக்களும் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து தோய்த்த வலைகள் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்பை 63 விழுக்காடு குறைத்திருந்தன. அதையடுத்து நாடு தழுவிய திட்டம் வந்தது. முதலாண்டு மருந்து இலவசம். இரண்டாம் ஆண்டில் கட்டணம் விதித்ததும், வலையை மருந்தில் தோய்த்தவர்களின் பங்கு 14 விழுக்காட்டுக்குச் சரிந்தது. மக்களின் அறிவு ஓராண்டில் சரிந்துவிடவில்லை. சரிந்தது அவர்களால் கொடுக்க முடிந்த காசுதான்.

ஆனாலும் அடுத்த பத்தாண்டில், நலப்பொருளை விளம்பரத்தோடு விற்கும் சமூகச் சந்தைப்படுத்தல்தான் ஓங்கியது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருந்ததும் உண்மை. தான்சானியாவின் கிலோம்பெரோ, உலங்கா மாவட்டங்களில் இஃபக்காரா ஆய்வு நிலையம் நடத்திய திட்டம், ‘சுயியா ம்பு’ (கொசுவைத் தடு) என்ற பெயரில் வலையைக் கடைச்சரக்காக விற்றது. பெயர், நிறம், விளம்பரம் எல்லாமே முன்னாய்வில் தேர்ந்தவை. வலை பயன்படுத்திய குழந்தைகளின் உயிர்பிழைப்பு 27 விழுக்காடு உயர்ந்தது. தவறு அந்தத் திட்டத்தில் இல்லை. அதிலிருந்து பொதுவிதி செய்தவர்களிடம் இருந்தது. இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், சும்மா கிடந்து மட்கும் என்ற கருத்து நிதியளிப்போர் கூட்டங்களில் கிட்டத்தட்ட நடத்தை அறிவியலாகவே உலவியது. ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் துப்பாவும் கென்யாவில் கருவுற்ற பெண்களிடையே இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். இலவசமாக இருந்த வலைக்கு 60 சென்ட் விலை வைத்ததும் வாங்குவோர் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தனர். இலவசமாக வாங்கியவர்கள் காசு கொடுத்தவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தவும் இல்லை. ஏழைகளின் மனநிலை பற்றிய ஒரு கோட்பாடு இத்தனை துப்புரவாக உடைந்த சந்தர்ப்பம் பொதுச் சுகாதாரத்தில் அரிது.

வகுத்தல் கணக்கு

2000 ஏப்ரலில் மலேரியா பற்றிய அபுஜா உச்சிமாநாடு, 2005இல் அமெரிக்க அதிபரின் மலேரியாத் திட்டம், பிறகு இரண்டு பேருக்கு ஒரு வலை என்ற அனைவருக்குமான விநியோகம். வலைகள் கோடிக்கணக்கில் போயின. கணக்கெடுப்புகளில் பயன்பாடு 40, 50 விழுக்காடு என்று வந்தபோது பழைய பேச்சு திரும்பியது: கொடுத்தாலும் படுப்பதில்லை. விக்டோரியா ஏரிக்கரையில் வலையில் மீன் காய வைப்பதையும் மீன் பிடிப்பதையும் ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்ததும், அந்தக் காட்சி செய்தித்தாள்களில் ஊருக்கு ஊர் பயணம் செய்தது.

பதில் ஒரு வகுத்தல் கணக்கிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் உள்ள வலைகள் இரவில் எத்தனை பேருக்குப் போதும் என்று முதலில் கணக்கிடு, பிறகு அவர்களில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று பார். ஹன்னா கோன்கரும் ஆல்பிரெக்ட் கிலியனும் 2014இல் பல நாடுகளின் கணக்கெடுப்புகளை இப்படித் திருப்பிப் பார்த்தபோது, வலை கிடைக்கக்கூடிய நிலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் அதற்குள் படுத்திருந்தார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வலை கொடுத்துவிட்டு மூன்று பேரின் ‘நடத்தை’யைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். எல்லா வீட்டுக்கும் போய் வலையைக் கட்டிக்காட்டும் பிரச்சாரம் உகாண்டாவில் சீரற்ற தெரிவு முறையில் சோதிக்கப்பட்டபோது கூடுதல் பயன் தெரியவில்லை. மக்கள் ஏற்கெனவே கட்டியிருந்தார்கள்.

மிச்சமிருக்கும் ஒரு பங்கில்தான் வல்லுநருக்கு உண்மையான வேலை. மேற்குக் கென்யாவில் விடியலுக்கு முன் வீடு வீடாகச் சென்று பார்த்த ஆய்வில் வலைக்கு வெளியே படுத்தவர்கள் அதிகம் சொன்ன காரணம் புழுக்கம். உகாண்டாவில் இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் வலை எடுத்துச் செல்வதில்லை. எல்லாரும் வெட்டவெளியில் கிடக்கும்போது தான் மட்டும் வலைக்குள் படுத்தால் தலைக்கனம் பிடித்தவர் என்று பேசுவார்கள். இந்தக் கூச்சத்தைச் சுவரொட்டியால் போக்க முடியாது என்பது துக்க வீட்டுக்குப் போன எவருக்கும் தெரியும்.

சீட்டு எழுதும் கை

பணியின் பார்வை மக்களிடமிருந்து சுகாதார ஊழியரிடம் திரும்பியதை நான் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். ஹ்யூ ரேபர்னும் சகாக்களும் தான்சானியாவில் செய்து 2007இல் வெளியான ஆய்வில், உடனடிப் பரிசோதனை அட்டையில் மலேரியா இல்லை என்று வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா மருந்தே எழுதப்பட்டது. எழுதியவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அறிவு போதாது என்ற விளக்கம் அவர்களுக்குப் பொருந்தாது. காய்ச்சலோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் துணிவும், வேறு என்ன நோய் என்று கண்டறியும் வசதியும் அவர்களிடம் இல்லை. 2010இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா வயதினருக்கும் பரிசோதித்த பிறகே சிகிச்சை என்று சொன்னபின், இந்தக் கையை மாற்றுவது தேசியத் திட்டங்களின் வேலையாயிற்று. கென்யாவில் டெயன் சுரோவாச் குழு ஊழியர்களின் கைபேசிக்கு ஆறு மாதம் குறுஞ்செய்திகள் அனுப்பியது. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஊக்கம் தரும் ஒரு பொன்மொழி. குழந்தைகளுக்கான சரியான சிகிச்சை 23.7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. செய்திகள் நின்று ஆறு மாதம் கழித்தும் இறங்கவில்லை.

இன்று பல ஆப்பிரிக்க நாடுகளின் மலேரியாத் திட்ட அலுவலகத்தில் சமூக, நடத்தை மாற்றத்துக்கென ஒரு பிரிவு உண்டு. தேசியத் தொடர்புத்திட்டம் எழுதுவது, வானொலிக்கும் பள்ளிக்கும் கிராம ஊழியருக்கும் ஒரே செய்தி போகிறதா என்று பார்ப்பது, வதந்தியைப் பின்தொடர்வது, கருவுற்றவர் ஏன் தடுப்பு மாத்திரையின் பிந்திய தவணைகளுக்கு வருவதில்லை என்று கணக்கெடுப்பைப் பிரித்துப் பார்ப்பது அதன் அன்றாடம். 2021இல் பரிந்துரைக்கப்பட்ட மலேரியாத் தடுப்பூசி இன்னொரு சுமையைச் சேர்த்தது. அதன் நான்காவது தவணை, தாய்மார் தடுப்பூசிக்கென்று குழந்தையைத் தூக்கி வரும் பழக்கம் முடிந்துபோன வயதில் வருகிறது.

இந்தப் பணியிடங்களுக்கும், அவற்றுக்குத் தரவு தந்த தேசியக் கணக்கெடுப்புகளுக்கும் பெரும்பகுதிப் பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2025 தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது. பயன்பாட்டுக்கும் கிடைப்புக்குமான அந்த வகுத்தல் கணக்குக்கு இரண்டு எண்கள் தேவை, இரண்டுமே வீடு வீடாகப் போய் எடுக்கப்படுபவை. அவை இல்லாத ஆண்டில் ‘கொடுத்தாலும் படுப்பதில்லை’ என்று ஓர் அதிகாரி சொன்னால், இல்லை என்று காட்ட திட்ட அலுவலகத்தில் யாரிடமும் தாள் இருக்காது.