வாய்க்குப் போகாத ஏலக்காய்

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் என்றதும் வெளியூர்க்காரர் கேட்பது நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றித்தான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆய்வகம், எதிர்ப்பும் வழக்குமாக மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் போடியை ஒட்டிய இந்த மலைத்தொடரைக் கடல் தாண்டியவர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அதற்குக் காரணம் மிளகும் ஏலக்காயும். நம் பாயசம், அரபிகளின் காப்பி, ஸ்வீடன்காரர்களின் இனிப்பு ரொட்டி என்று ஏலக்காய் நுழையாத அடுப்படி குறைவு. யூதர்களின் ஒரு சடங்கில் மட்டும் அது வாய்க்குப் போவதில்லை, மூக்கோடு நின்றுவிடுகிறது. அந்த இடம்வரை அது போய்ச் சேர்ந்த கதை இது.

கதை தொடங்குவது மேலே. விடிவதற்குள் போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. போடிமெட்டைத் தாண்டினால் ஏலத்தோட்டம். ஏலச்செடிக்கு நேர்வெயில் ஆகாது, பெருமரங்களின் நிழல் வேண்டும். காய்ப்பதும் உச்சியில் அல்ல. செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான். அதனால் காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். நட்டு மூன்றாம் வருடம்தான் காய்ப்புக்கு வரும். வந்த பிறகும் எல்லாக் காயையும் ஒரே நாளில் பறித்துவிட முடியாது. பழுத்த காய் உலரும்போது வெடித்துவிடும், பிஞ்சு சுருங்கிவிடும். பழுக்கப் போகிற பருவத்துக் காயை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு மாதமோ நாற்பது நாளோ கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும்.

பறித்த காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போகிறது. இதமான சூட்டில் ஒரு நாள் போல உலர்ந்தால், ஐந்து கிலோ பச்சைக்காய் ஏறத்தாழ ஒரு கிலோவாக நிற்கும். பிறகு சல்லடை. எட்டு மில்லிமீட்டர் பருமனுக்கு ஒரு விலை, ஏழுக்கு ஒரு விலை. பச்சை நிறம் மாறாததற்குத் தனி மதிப்பு. வெடித்த காய் கடைசியில். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அரசு மலை ஏலக்காயை ஆலப்புழையில் வைத்து விற்ற நினைவு 'ஆலப்பி கிரீன்' என்ற தரப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது விலை முடிவாவது போடியிலும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் மின்னணு ஏலத்தில். 2018 கேரள வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து, அடுத்த ஆண்டு மழையும் பொய்த்தபோது, 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது. விலை இன்னும் ஏறும் என்று மூட்டையை இறுக்கிக் கட்டி வைப்பதும், இறங்கிய பின் கையைப் பிசைவதும் இந்தப் பக்கம் புதிதல்ல.

மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய் யூதர் கையில் ஏறிய தடயம் கெய்ரோவில் கிடைத்தது. கடவுள் பெயர் எழுதிய காகிதத்தை அவர்கள் குப்பையில் வீசுவதில்லை. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்து அறை ஒன்றில் அப்படிப் பல நூற்றாண்டுகளாகக் குவிந்த காகிதங்களை அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அவற்றில் ஆபிரகாம் பென் யிஜு என்ற துனிசிய யூத வணிகரின் கடிதங்களும் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மங்களூரில் குடியிருந்த அவர், மிளகு, இரும்பு, பாக்கு, ஏலம் ஆகியவற்றை ஏடனிலிருந்த கூட்டாளிகளுக்குக் கப்பலேற்றினார்.

அதே கடற்கரையில் தெற்கே கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றிய யூதத் தெருவில் மலைச்சரக்கின் வாசனைதான் விலாசம். அங்கே நெகேமியா மோத்தா என்ற கவிஞரின் கல்லறையும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தவர். கல்வெட்டு அவரைக் கப்பாலா ஞானி என்கிறது. கப்பாலா என்பது யூதர்களின் மறைஞான மரபு. வேறு மதத்தாரும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். நம் ஊர்ச் சமாதிகளில் விளக்கு வைப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இனி சடங்குக்கு வருவோம். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் முடிகிறது. அதை வழியனுப்பும் சடங்குக்கு ஹவ்தாலா என்று பெயர். ஒரு கிண்ணம் திராட்சை ரசம், பல திரிகளை முறுக்கிய மெழுகுவர்த்தி, ஒரு மணப்பெட்டி. பெட்டியில் கிராம்பும் பட்டையும் அதிகம் இருக்கும், ஏலக்காயும் சேரும். இன்ன பொருள்தான் என்ற கட்டாயம் இல்லை. கலிலேயா மலையூரான சஃபேத்தில் வாழ்ந்த கப்பாலா ஞானி ஐசக் லூரியா ஒரு நறுமணச் செடியின் இலைக்கொத்தையே முகர்ந்தாராம். பெட்டி கைமாறும், ஒவ்வொருவரும் முகர்ந்து அடுத்தவரிடம் தருவார்கள்.

ஏன் முகர வேண்டும்? ஓய்வுநாளில் மனிதனுக்குக் கூடுதலாக ஓர் ஆன்மா வந்து தங்குகிறது, நாள் முடிந்ததும் அது விடைபெறுகிறது, அந்தப் பிரிவில் சோர்ந்த உயிரை மணம் தேற்றுகிறது என்பது அவர்கள் மரபு. உடலுக்கு எதுவும் சேராமல் உயிருக்கு மட்டும் இன்பம் தருவது வாசனை என்று யூதர்களின் பழைய சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது சொல்கிறது. தின்றால் தீரும், முகர்ந்தால் அப்படியே இருக்கும். நமக்குப் பின் முகர்பவருக்கும் குறைவதில்லை.

ஆசையைப் பற்றிய கப்பாலாவின் பாடமும் இங்கேதான் இருக்கிறது. ஆசையைக் கொல்லச் சொல்லும் மரபல்ல அது. திராட்சை ரசம் சடங்கிலேயே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த கப்பாலா அறிஞர் நாஹ்மனிடீஸ், விலக்கப்பட்டதை மட்டும் விலக்கினால் போதாது என்றார். அனுமதிக்கப்பட்ட உணவையும் மதுவையும் அளவின்றி விழுங்குபவன், சட்டத்தை மீறாமலே இழிந்தவனாக முடியும் என்பது அவர் எச்சரிக்கை. கைக்கு எட்டியதில் கொஞ்சத்தை விட்டுவைக்கப் பழகுவதுதான் புனிதம்.

1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. சிதறியவர்களில் பலர் அடுத்த நூற்றாண்டில் சஃபேத்துக்கு வந்து கூடினார்கள். அங்கே கப்பாலா ஞானி மோசே கொர்தோவேரோ எழுதிய சிறு அறநூல், அந்த மரபு சொல்லும் இறைவனின் பத்து நிலைகளில் உச்சியான 'மகுடம்' என்பதற்குரிய குணம் பணிவு என்கிறது. மகுடம் சூடியவன் தலை நிமிர்வான் என்றுதான் நாம் நினைப்போம். அவரோ, மேலே இருப்பது கீழே நோக்கிக் குனிந்து அனைத்துக்கும் உணவளிக்கிறது, மனிதனும் அப்படிக் குனிய வேண்டும் என்றார். லூரியா இன்னும் ஆழமாகப் போனார். எங்கும் நிறைந்த இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு விட்ட இடத்தில்தான் உலகம் உண்டாயிற்று என்றார். அப்படியானால் படைப்பின் முதல் செயலே ஒதுங்கி இடம் கொடுத்தது.

சடங்கு முடியும்போது எலியா தீர்க்கதரிசியைப் பாடுவார்கள். மீட்பர் வரும் செய்தியை முதலில் கொண்டுவருபவர் அவர் என்பது நம்பிக்கை. வாரம்தோறும் அழைக்கிறார்கள், வாரம்தோறும் அவர் வராமலே வேலை நாள் தொடங்குகிறது. மீட்பர் ரோம் நகர வாசலில் நோயாளிகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்று தல்மூதில் ஒரு கதை. மற்றவர்கள் எல்லாக் கட்டுகளையும் மொத்தமாக அவிழ்த்துப் புண்ணைக் கட்ட, அவர் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டுகிறாராம். எந்த நொடி அழைப்பு வந்தாலும் தாமதம் ஆகக்கூடாதே! மீட்பு நாளை வலிந்து இழுக்கக்கூடாது என்றும் அந்த மரபு கண்டிக்கிறது. இழுத்துப் பார்த்ததும் உண்டு: 1665இல் தன்னை மீட்பர் என்று அறிவித்த சபத்தாய் செவியை நம்பிப் பலர் சொத்தை விற்றார்கள்; மறு ஆண்டே அவர் ஒட்டோமான் சுல்தான் முன் மதம் மாறிவிட்டார்.

கொச்சி யூதர்களும் காத்திருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மலையாளத்திலேயே பாட்டுக் கட்டிச் சீயோன் என்ற ஜெருசலேமுக்கு ஏங்கினார்கள். 1950களில் பெரும்பான்மையோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொச்சியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்து உள்மர வேலைப்பாடுகள் இன்று ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போனவர்களும் சனி இரவு எலியாவை அழைப்பதை நிறுத்தவில்லை. ஊர் போய்ச் சேர்வது வேறு, மீட்பு வேறு என்பது அவர்களுக்குத் தெரியும்.

போடி கிட்டங்கிகளில் ஏலக்காய் பிரிக்கும் பெண்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. சல்லடையில் நிற்கும் எட்டு மில்லிமீட்டர் காய் பெரிய விலைக்குப் போகட்டும். சந்தைக்கு அது நியாயம். மணப்பெட்டிக்குப் பருமனும் தேவையில்லை, பச்சையும் தேவையில்லை. தோல் மூடிய பெரிய காயைவிட, மதிப்புக் குறைவு என்று நாம் ஓரம் தள்ளும் வெடித்த காய்தான் அங்கே முதலில் மணக்கும்.