கொட்டியாரக் குடாவும் சம்பூரும்

ஈழநாட்டு ஆறுகளுள் நீளம் மிக்கது மாவலி கங்கை. மலைநாட்டிலே தோன்றி, ஏறத்தாழ 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, திருக்கோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. குடாவின் தென்கரையில் மூதூர் உளது. அதற்கு அப்பால், கடலை நோக்கி நீண்டு செல்லும் நிலத்திலே பத்திரகாளி அம்மன் கோயில் கொண்ட சம்பூர் அமைந்துள்ளது.

ஆறு கொணரும் வண்டலினால் வயல் விளைகின்றது. கழிமுகத்திலே கண்டற் காடுகள் செழிக்கின்றன. கடலடியிலோ மற்றொரு புதுமை உண்டு. ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு அண்மையிலேயே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்கிச் செல்கின்றது. திமிங்கிலங்கள் இக்கரையை நெருங்கி வருவதற்கும் இவ்வாழமே ஏது என்பர்.

ஆழத்தை நாடியவை திமிங்கிலங்கள் மட்டுமல்ல. 1620இல் டேனியர் வந்தனர். பின்னர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், 1672இல் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் என வரிசை நீள்கின்றது. இவர்கள் கண்டது நங்கூரம் பாய்ச்சத் தக்க துறையை. கரையிலே குடியிருந்தோரைப் பற்றி அவர்தம் ஏடுகள் பேசுவது சிறிதே.

அந்த வரிசையிலே விரும்பாமல் தங்க நேர்ந்தவன் ஒருவன் உண்டு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரத்தை அடைந்தது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் உள்ளிட்ட பதினாறு பேரைப் பிடித்துச் சென்றனர். தந்தை மறு ஆண்டே நோயால் மாண்டார். பத்தொன்பது வயது மகனோ பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டுச் சிற்றூர்களிலே காவலில் இருந்தான். தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடனாகக் கொடுத்தான். ஈற்றில் 1679இல் அருவியாற்றங்கரைக் காட்டு வழியே தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தான். 1681இல் வெளிவந்த அவனது நூல் ஐரோப்பாவிற்கு இலங்கையை அறிமுகஞ் செய்தது. அவன் தந்தை பிடிபட்ட புளியமரத்தடி 'வெள்ளைக்காரன் மரம்' எனப்பட்டது. 1893இல் அங்கே ஒரு கல்லும் நாட்டப்பட்டது. மூதூர் செல்லும் பயணிகள் தேடிக் காண்பது அக்கல்லையே.

அங்கிருந்து சம்பூர் வெகு தொலைவன்று. 2006இல் போர் மூண்டபோது அவ்வூரார் அனைவரும் வெளியேறினர். மறு ஆண்டு அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. நொக்ஸ் தன் நாட்டிற்கு எத்தனையோ கடல் கடந்து போகவேண்டியிருந்தது. சம்பூராரோ கட்டைபறிச்சான், கிளிவெட்டி முதலிய அயலூர்களின் முகாம்களிலே, சொந்த ஊர்க் காற்று வீசும் தூரத்தில், ஊர் புகமுடியாது ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தனர். இதற்குக் கல் எதுவும் நாட்டப்படவில்லை.

2015இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் மக்களிடம் மீண்டன. திரும்பியோர் கண்டவை பற்றை மண்டிய வளவுகளே. பற்றையை வெட்டிக் கிணற்றைத் தேடிக் கண்டு இறைத்த பின்னரே அடுப்பு மூட்ட முடிந்தது. அங்கு அமையவிருந்த நிலக்கரி அனல்மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்று சூரிய மின் நிலையத்திற்கான பணி தொடக்கி வைக்கப்பட்டது.