தனிக் கையெழுத்தும் பொது உடன்படிக்கையும்

பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்த முதல் தலைமுறையினரின் உழைப்பைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு நீலசந்திராவில் இல்லை எனலாம். ஆனால் அவர்கள் எத்தகைய ஒப்பந்தத்தின்கீழ் உழைத்தார்கள் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் தனித்து இட்ட கையெழுத்து, அனைவர்க்கும் பொதுவான உடன்படிக்கையாக வளர்ந்தது ஒரு நெடிய வரலாறு. அதில் தமிழர்க்கும் சிறப்பான பங்குண்டு. அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

ஒப்பந்தம் என்பது இரு சமமானவர் தம்முள் செய்துகொள்வது என்பர். ஆனால் வறியவன் ஒருவனும் பெருநிறுவனம் ஒன்றும் எங்ஙனம் சமமாவர்? 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலைக்கு வாராதொழிந்தால், நடுவர் மன்றம் அவனை வேலை செய்யுமாறு பணிக்கலாம்; பணியாவிடில் மூன்று மாதம் வரை சிறையிலிடலாம். வாக்குத் தவறிய முதலாளிக்கோ அச்சட்டத்தில் சிறையில்லை. 1925-இல் இயற்றப்பட்ட சட்டமே இக்கொடுமையை நீக்கியது.

இதற்கு முன்னரே சென்னைப் பெரம்பூரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி.வாடியா தலைவரானார். செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் அதற்கு அடிகோலியவர்கள். துணைத் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய தமிழ்த்தென்றல் திரு.வி.க., தொழிலாளர் உரிமையை மேடையிலும் ஏட்டிலும் நல்ல தமிழில் எடுத்துரைத்தார்.

பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம், 1920-இல் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறுமாறு இவர்கள் தூண்டினர் என்பதே குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. தனித்தனி ஒப்பந்தமே கூட்டு முயற்சியைத் தடுக்கும் கருவியாயிற்று! வாடியா சங்கத்தினின்றும் விலகுவது என்ற உடன்பாட்டின்மேல் வழக்குக் கைவிடப்பட்டது. இந்நிகழ்ச்சி நாடெங்கும் எழுப்பிய கவலையின் பயனாக 1921-இல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் சங்கப் பாதுகாப்புச் சட்டம் வேண்டினார். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், அத்தகைய வழக்குகளினின்றும் பதிவு பெற்ற சங்கங்களுக்குக் காப்பளித்தது.

எனினும் பெருமையை மட்டும் பேசிச் செல்வது நேர்மையாகாது. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் எதிரெதிர் அணியில் நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் தீக்கிரையாயின. சங்கம் தளர்ந்தது. ஒரு பகுதியினரை ஒதுக்கிய ஒற்றுமை ஒற்றுமையன்று என்பதை அந்நெருப்பு காட்டியது.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். பின்னிப்பேட்டை என்ற பெயர், அதே நிறுவனத்தின் நிர்வாகத்தில் இங்கு இயங்கிய துணியாலையை இன்றும் நினைவூட்டுகிறது. விடுதலைக்குச் சற்று முன் இயற்றப்பட்ட 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம் சிறந்ததொரு நெறியை வகுத்தது: சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்பட்ட உடன்படிக்கை, சங்க உறுப்பினரை மட்டுமன்றி நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும், பின்னர்ச் சேர்பவரையும் கட்டுப்படுத்தும். 1980 இறுதியில், எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர், பி.எச்.இ.எல். தொழிலாளர்க்கு இணையான ஊதியம் கோரி 77 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கேட்ட சமநிலை கிட்டவில்லை. ஆயினும் பல ஆலையினர் ஒரே குரலில் பேசியமை மறக்கற்பாலதன்று.

அக்காலத்தும் உடன்படிக்கையின் நிழல் ஒப்பந்தக்காரர்வழி வந்த துப்புரவாளர்மீதும் சுமைதூக்குவோர்மீதும் படியவில்லை. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 51 விழுக்காட்டினர் ஆதரவு பெற்ற சங்கத்திற்குப் பேச்சு நடத்தும் தகுதியை அளிக்கிறது. அதுவே குறித்தகாலத் தனி நியமனத்தையும் ஏற்கிறது. பழைய கேள்வி மீண்டும் நம் வாயிலில் நிற்கிறது.

நம் பிள்ளைகள் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் இரண்டு வினாக்களை எழுப்பட்டும். இவ்வேலைக்குப் பொது உடன்படிக்கை உண்டா? உண்டெனில், அதே வாயிலைப் பெருக்கும் அம்மையாரும் அதில் அடங்குவாரா? இரண்டாவது வினாவிற்கு ‘ஆம்’ என்ற விடை கிட்டும் நாளிலேதான் பெரம்பூரில் தொடங்கிய பணி நிறைவுறும்.